நிமிடத்துக்கு மூன்று துளி

லுப்லியானாவில் நவம்பர் என்றால்
ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை என்று பொருள்.
மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
மாதம் முழுக்க வாடகையில்லாமல் இருக்கும்.
உள்ளே, என் மேசைமேல்,
சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய்
நாற்பது டிகிரி வெந்நீர்ச் சட்டைக்குள்
குளிர் தெரியாமல் நிற்கிறது.

குழாய் நிறையத் தேன்நிற மணிகள்.
ஒவ்வொரு மணியின் நுண்துளைகளிலும்
கட்டிப்போட்ட நொதி.
கட்டியது நான்தான்.
இரண்டு இரவு குலுக்கி, மூன்று முறை அலசி,
அலசிய நீரில் ஒன்றும் வரவில்லை என்றானபின்
கையுறையைக் கழற்றி
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டேன்.

தோல்மினிலிருந்து சந்தைக்கு வரும் வண்டியில்
வெள்ளிதோறும் இரண்டு லிட்டர் கேன்:
பாலாடைக்கட்டி வடித்த பச்சைமஞ்சள் நீர்.
உர்பான் ஒவ்வொரு முறையும் கேட்பார்:
"என் பன்றிகள் இதைச் சும்மாவே குடிக்குமே,
உனக்கெதற்கு இவ்வளவு குழாய்?"
பன்றிகளை விசாரித்ததாகச் சொல்லி,
வடிகட்டி, பம்பில் பூட்டுவேன்.

நிமிடத்துக்கு மூன்று துளி.
நுழைந்த துளிக்கு மணிகளிடையே
பன்னிரண்டு நிமிடம் தங்கல்.
பாற்சர்க்கரை இரண்டாய்ப் பிளந்து
இனிப்புக் கூடி வெளியேறும்.
வெளியேறியது திரும்பிப் பார்ப்பதில்லை.
பிளந்தது, பிளந்த இடத்திலேயே,
அடுத்ததற்கு.

அளக்கப் பெரிய கருவி உண்டு;
மூன்றாம் மாடிக்காரர்களுடையது, பூட்டியிருக்கும்.
ஆகவே மருந்துக்கடையில்
நீரிழிவு மானி ஒன்று வாங்கினேன்.
கடைக்காரி கேட்டாள்: "இந்த வயதிலேயா?"
"எனக்கில்லை, ஒரு குழாய்க்கு" என்றேன்.
பரிவு கூடியது.

அந்தப் பட்டையின் நுனியிலும் ஒரு நொதி
உலர்ந்து, ஒட்டிக் காத்திருக்கிறது.
ஒரே ஒரு துளி அதன் ஆயுள்.
எண்ணைச் சொல்லிவிட்டுக் குப்பைக்குப் போகும்.
கட்டுண்டதைப் பற்றிக்
கட்டுண்ட இன்னொன்று சொல்லும் சாட்சியம் இது
என்று பதினோராம் நாள்தான் உறைத்தது.
அன்று பட்டையை எறியக் கொஞ்சம் தயங்கினேன்.
பிறகு எறிந்தேன்.

முதல் நாள், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
ஒன்பதாம் நாள் தொண்ணூற்று மூன்று.
இருபதில் எண்பது.
இருபத்திரண்டில் எழுபத்தொன்று.
"கழன்று ஓடுகிறது, நேஜா" என்றார் ஸ்டாங்கோ,
"உன் முடிச்சு சரியில்லை."
கிராஞ்ச் ஆலைக்கு நாற்பது நாள் என்று
வாக்குக் கொடுத்தவர் அவர்.
அங்கே வரப்போகும் கலன்
என் குழாயைப்போல் இருபதாயிரம் மடங்கு;
இங்கே ஒரு சொட்டுத் தவறு அங்கே பீப்பாய்.

ஓடிப்போனதா என்றறிய ஒரு வழி.
வெளிவரும் நீரை இரண்டு புட்டியில் பிடி.
ஒன்றை உடனே அள.
மற்றதை அதே சூட்டில் இரவெல்லாம் வை.
தப்பி வந்த நொதி கொஞ்சம் இருந்தாலும்
இருட்டில் சும்மா இராது;
விடிவதற்குள் இனிப்பு ஏறியிருக்கும்.

வீட்டுக்குப் போகவில்லை.
இரண்டு நாற்காலி சேர்த்துப் படுத்தேன்.
பம்பு தட்டிக்கொண்டே இருந்தது,
கதவைத் திறக்கச் சொல்லும் அவசரம் எதுவுமின்றி.

காலை ஆறரை.
நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றே,
தசமம் வரை.
எதுவும் ஓடவில்லை. முடிச்சு அவிழவில்லை.
எல்லாம் உள்ளேதான், அதனதன் துளையில்,
பாதிக்கு மேல்
வேலையை மறந்துபோய்.

முடிச்சு என்னுடையது; மகிழ்ந்திருக்க வேண்டும்.
அவிழ்ந்ததென்றால் மறுபடி கட்டலாம்.
இருந்த இடத்திலேயே ஓய்ந்ததை
என்ன செய்ய.

பம்பை இரண்டு துளிக்குத் திருப்பினேன்.
தங்கல் பதினெட்டு நிமிடம்.
மதியம் அளந்தால் எண்பத்து நான்கு.
பதிவேட்டில் எழுதினேன்:
நாள் 23. கட்டு நன்று. ஓட்டம் குறைத்தேன்.

இனி வாரம் அரை லிட்டர் மிஞ்சும்.
உர்பானிடம் சொல்ல வேண்டும்,
பன்றிகளுக்கு.