வூஸ்டர்

வந்த வாரமே திருத்திவிட்டார்கள்:
வொர்செஸ்டர் இல்லை, வூஸ்டர்.
நடுவிலுள்ள எழுத்துகள்
சம்பளமில்லாமல் நிற்கின்றன.

மருந்துக்கடையிலிருந்து மாதாமாதம் கூப்பிடுவேன்:
"சியோபான் டூலி, உங்கள் மாத்திரை தயார்."
பதிவுக்கருவி கேட்டுக்கொள்ளும்.
திருத்தியதில்லை.

இன்று பூட்சில் பனிச்சேறோடு ஒருவர்.
"ஷிவோன். என் மனைவி. இனி வேண்டாம்."
கணினியில் அப்படி யாருமில்லை.
எழுத்தெழுத்தாகச் சொன்னார்:
எஸ், ஐ, ஓ,
பி, எச்.
பி-யும் எச்-சும் சேர்ந்தால்
அவர்கள் பாட்டன் ஊரில் 'வ'வாம்.

அழிக்குமுன்
ஷிவோன் என்று ஒருமுறை சொன்னேன்.
"அதேதான்."

கிளம்பவில்லை.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து
அங்... அங்கய... என்று தடுமாறினார்.
வரிசை கதவுவரை நின்றது.

மெதுவாக, என்றேன்.
இன்னும் நாலெழுத்துதான்.