ஒரு கிலோ நானூறு

புதுப்பாளையம் பழைய பேப்பர் கடையில்
கொக்கித் தராசை இரவல் கேட்டேன்.
"எந்த ஊருக்கு?" என்றார் கடைக்காரர். ரியாத் என்றேன்.
"கடல் உண்டா?"
இல்லை.
"ஆறு?"
இல்லை.
"அப்போ வெள்ளம் வராது" என்றார்,
இடம் பார்த்து வைத்திருப்பவர் போல.

தலைக்கு முப்பது கிலோ. மூன்று தலை.
ஆறு வருஷமாய் மெக்கானிக் என்றிருந்த இக்காமாவில்
சூபர்வைசர் என்று மாறியதும்
எங்களையும் அழைத்துக்கொள்ள அனுமதி வந்தது.
"கதவைத் திறக்காத வரைக்கும் ஊட்டிதான்"
என்கிறார் இவர்.

நிகிலன் மே மாதமே பயிற்சி தொடங்கிவிட்டான்.
கத்திரி வெயிலில், மொட்டைமாடியில்
செருப்பில்லாமல் நின்று எண்ணுவான்.
முதல் நாள் பதினொன்று.
கடைசியாக நாற்பத்தாறு.
"அப்பா ஊர்ல நாப்பத்தெட்டாம்மா, இன்னும் ரெண்டுதான்."
நான் திருத்தவில்லை.
உள்ளங்காலில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

சம்யுக்தா எதுவும் சொல்லவில்லை.
டி.சி. வாங்கிய அன்று மட்டும்
ஆட்டோவில் அதை விரித்துப் படித்துவிட்டுக் கேட்டாள்:
"விலகும் காரணம்னு ஒரு கட்டம் இருக்கே,
என்னைக் கேட்டா எழுதுனாங்க?"

கல்யாணச் சான்றிதழில்தான் இடித்தது.
பதினைந்தாம் வருஷ வெள்ளத்தின்போது
அது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது.
பதிவாளர் கையெழுத்திட்ட இடத்தில்
நீலமாய் ஒரு குட்டை.
சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளினார்:
"இது செல்லாதும்மா."
பதினாலு வருஷம், ரெண்டு பிள்ளைங்க சார், என்றேன்.
"அதெல்லாம் சரி. மை கலைஞ்சிருக்கே."
மஞ்சக்குப்பத்துக்கு மூன்று நடை.
நகல் வந்தது. அதில் நாங்கள்
ஒரு சொட்டும் நனையாமல் இருந்தோம்.
எல்லாக் காகிதத்தையும்
ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப்
பரணில் ஏற்றினேன்.

கிளம்புகிற வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.
கெடிலத்தில் பாலத்தின் முழங்கால் வரை தண்ணீர்.
கூடத்துக்குக் குறுக்கே மூன்று கொடி,
மின்விசிறிக்குக் கீழே எங்கள் உடம்புகள்:
பாவாடை, பள்ளிக் கால்சட்டை, துண்டு.
எங்கே திரும்பினாலும்
ஒரு ஈரக் கை கன்னத்தைத் தொடும்.
மூன்று நாளாகியும் இடுப்புப் பட்டைகள் காயவில்லை.
வீடியோவில் காட்டினேன். சிரித்தார்.
"இங்க நாலாவது சட்டையை மாட்டுறதுக்குள்ள
முதல் சட்டை அப்பளம் ஆயிடும்.
ஈரத்தோடயே கட்டி எடுத்துவா."
பிறகு கொஞ்சம் பொறுத்து,
"போனை ஜன்னல்கிட்ட வை" என்றார்.

பக்கத்து வீட்டுத் தகரத்தில்
மழை அடித்துக்கொண்டிருந்தது.
வைத்துவிட்டு நான் புளி அடைக்கப் போனேன்.
திரும்பி வந்தபோதும் இணைப்பில்தான் இருந்தார்.
திரையில் ஒரு வெள்ளைக் கூரை,
ஏசியின் பச்சை விளக்கு,
குறட்டை.

தராசில் மாட்டினேன்.
இருபத்தொன்பது. இருபத்தெட்டரை.
மூன்றாவது பெட்டி முப்பத்தொன்று நானூறு.
குடையை எடுத்தேன்; வெயிலுக்காவது ஆகும் என்று
திரும்ப வைத்தேன்.
மிளகாய்த்தூளைப் பிரித்தேன், சேர்த்தேன்.
முள் அங்கேயே நின்றது.
துணிகளை அமுக்கிப் பார்த்துச் சம்யுக்தா சொன்னாள்:
"ஈரம்மா. அதுதான் கூடுது."

விமான நிலையத்திலும் அதே முப்பத்தொன்று நானூறு.
"ஏதாவது எடுத்துடுங்க மேடம்,
இல்லன்னா கட்டணும்."
பெட்டியைத் திறக்கக் குனிந்தேன்.
ஜிப்பின் மேல் கை வைத்துக்கொண்டாள் சம்யுக்தா.
"எடுக்காத. கட்டு."

கட்டினேன்.
"அங்க போய் காய்ஞ்சதும் காசைத் திருப்பித் தருவாங்களா?"
கவுண்டரில் கன்னத்தை வைத்து நிகிலன் கேட்டான்.
பின்னால் வரிசை நகரச் சொன்னது.
ரசீதை நாலாய் மடித்து
கல்யாணத்துக்குப் பின்னால் செருகி
உறையின் ஜிப்பை இழுத்தேன்.