முட்டுப் பிரிக்கும் நாள்

சிமெண்டு இல்லாமலா என்றேன்.
பதினாறு வயதிலிருந்து பூச்சுவேலை செய்கிறவன்
வேறென்ன கேட்பான்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
எலும்பு டாக்டரம்மா மேசைமேல் வைத்துக் காட்டினார்.
ஒரு சாண் டைட்டானியம்,
மேல்பாதி உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு.
"முப்பத்தோரு வயசு உனக்கு.
உன் எலும்பே வளர்ந்து வந்து இதைப் பிடிச்சுக்கும்."

பிடிக்கிறதா, பிடிக்கிறதா என்று
ராத்திரியெல்லாம் தொடையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
இரண்டு கட்டைக்கு நடுவே தொங்கி
கக்கூஸ் வரைக்கும் ஒரு பயணம்.
நாலாம் வாரம் மஞ்சுளா,
சூளையில் கல் அடுக்கிவிட்டு வந்த களைப்பில்,
"கட்டைய விட்டுட்டு நடந்துதான் பாரேன்" என்றாள்.
தளம் போட்ட மூணாம் நாள்
முட்டுப் பிரிக்கிறவன் கொத்தனாரா?

ஒன்பது வருஷம் ஆகிறது.
சாரத்தில் ஏறுவதில்லை.
பந்தியில் தரையில் உட்காருவதில்லை.
மற்றபடி வலி எந்தப் பக்கம் இருந்தது என்று
யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

போன செவ்வாய் படம் எடுத்தார்கள்.
வெள்ளைக் கம்பி, சுற்றிலும் எலும்பு,
இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை.
ரசமட்டம் பார்ப்பதுபோல்
தலையைச் சாய்த்துப் பார்த்தார் புது டாக்டர்.
"கிண்ணம்தான் மயிரிழை தேய்ஞ்சிருக்கு."
எத்தனை வருஷம் வரும் சார்?
அவர் சொன்ன எண்ணை
என் வயதோடு கூட்டினேன்.
போதவில்லை.
"அப்போ இன்னொண்ணு வெச்சுக்கலாம்" என்றார்,
ஓடு மாற்றுவதுபோல.

பாலக்கோடு பஸ் புறப்பட்டுவிட்டது.
ஓடினேன். ஓடக் கூடாது.
"சட்டுனு ஏறுப்பா" என்று கத்தினார் கண்டக்டர்,
எல்லாரையும் கத்துவதுபோல்.