மாதிரி எண் 4417

கோபார் என்று முதலில் சொன்னபோது
கோபம் என்றுதான் காதில் விழுந்தது எனக்கு.
வந்து ஆறு கோடை ஆகிறது.
செம்புச் சுரங்கத்தின் ஆய்வறையில் இரவு ஷிஃப்ட்.

தராசின் பக்கத்தில்
ஊறுகாய் ஜாடி ஒன்றை இறக்கினார் ஃபுஜிகாமி,
தூங்கும் பூனையை இறக்குவதுபோல்.
"கம்பெனி மாதிரி இல்லை," என்றார்.
"என் ஊர்."

மலைமேல் ஒற்றைத் தெரு.
கதவு சிவப்பு, ஜன்னல் கம்பி சிவப்பு,
கூரை ஓடும் சிவப்பு.
தோண்டியது செம்பு.
பேர் வாங்கித் தந்ததோ
செம்போடு ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத இரும்புக் கல்.
அதை வறுத்து, ஊறவைத்து, மறுபடி வறுத்து,
புளிப்பு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசி,
திரிகையில் அரைத்தால்
வீட்டுக்குப் பூசலாம், கிண்ணத்துக்குப் பூசலாம்.
சுரங்கம் மூடி வெகுகாலம்.
தெரு மட்டும் இன்னும் சிவந்து நிற்கிறதாம்,
யாரும் கேட்காத கேள்விக்கு
வெட்கப்பட்டதுபோல.

என் மொழியில், என்றேன்,
செம்பு என்ற பேரிலேயே சிவப்பு இருக்கிறது.
செம்மை என்றால் சிவப்பு, நேர்மை, ஒழுங்கு
எல்லாமே.
கொஞ்சம் யோசித்தார்.
"எங்கள் முதலாளிகளுக்கு
உங்கள் மொழி தெரிந்திருக்காது."

அம்மா போன பிறகு பூட்டிய வீட்டில்
மாடிப்படிக்கு அடியில் கிடைத்த ஜாடி.
ஊரில் அரைத்ததா,
எங்கோ ஆலையிலிருந்து மூட்டையில் வந்ததா?
அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

எடை போட்டேன், அமிலத்தில் கரைத்தேன்,
சுடருக்குள் அனுப்பினேன்.
நிறம் என்று ஒரு பத்தி என் படிவத்தில் கிடையாது.
இரும்பு ஆக்சைடு தொண்ணூற்றாறு சதம்.
மணல் கொஞ்சம்.
ஆர்சனிக், பயப்படும்படி இல்லை.
செம்பு: பத்து லட்சத்தில் நானூற்றுப் பத்து.
ஆலைப் பொடியில் இவ்வளவு செம்பு வராது, என்றேன்.
அந்த ஒரு வரியின் மேல்
ஆள்காட்டி விரலை வைத்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

பை மாதிரிகளை இறக்க வந்த டெல்வின்
ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.
"இந்த ஊர்ப் பேரே இதுதானே.
எங்க ஆளுங்க பேச்சுல சிவப்புக் காவி.
செம்பைத் தேடி வந்தவங்க வாயில
கோபார் ஆயிடுச்சு."
கையெழுத்துப் போட்டாள்.
"நாங்க மேல இருந்ததை எடுத்துப் பூசிக்கிட்டோம்.
நீங்க அதுக்கும் கீழ போனீங்க."
லாரி கிளம்பும் சத்தம்.

சனிக்கிழமை அவர்
ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத்
தன் தபால் பெட்டிக்கு மட்டும் பூசினார்.
மூன்று பூச்சு.
வாடகை ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தது:
அனுமதி பெறாத நிறம்.
பதினான்கு நாளுக்குள் பழைய சாம்பலுக்கு மாற்றவும்.

பன்னிரண்டாம் நாள் மதியம்
மேற்கே ஒரு சுவர் எழுந்தது.
மூன்று மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது.
ஓட்டல் பால்கனி, பெட்ரோல் பங்க்,
ஏஜென்டின் வெள்ளைக் கார், கொடியில் என் வேட்டித்துணித் திரை,
நாய்களின் முதுகு,
எல்லாம் ஒரே கை பூசியதுபோல்.
பல்லிடுக்கில்கூட மண்.

ஃபுஜிகாமி போன் செய்தார்.
சிரிப்பா இருமலா என்று பிரிக்க முடியவில்லை.
"என் தபால் பெட்டியைக் காணவில்லை.
எங்கள் ஊருக்கு நூறு வருஷம் பிடித்த வேலை,
உங்கள் காற்று இலவசமாக
அரைமணியில் முடித்துவிட்டது."
என் காற்று இல்லை, என்றேன்.

இரவு ஷிஃப்டுக்குப் போனதும்
ஆய்வறை ஜன்னல் விளிம்பில் படிந்ததை
வடிதாளில் வழித்தெடுத்தேன்.
எண் ஒட்டினேன்: 4418.
4417க்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

இன்னும் சோதிக்கவில்லை.