ஏவல் வினை

தடைக்காலம். பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள்
கழுத்தோடு கழுத்து கட்டிக் கிடக்கின்றன.
ஐஸ் கம்பெனியில் நாளுக்கு நாற்பது பார்தான் போகிறது.
அதனால் எங்களுக்குக் கடவுளைப் பேச நேரம் இருக்கிறது.

மொட்டை மாடி. நாலு பேர்.
கருவாட்டு வாசனை காற்றோடு ஏறி வந்து
நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

சேசு அடிமை, இன்ஜின் மெக்கானிக்.
பூசைக்குப் போய் ஒன்பது வருஷம்.
ரேஷன் கார்டுதான் இன்னும் அவனை விடமாட்டேன் என்கிறது.
ஜெய்லானி, செல்போன் ரிப்பேர்.
தொழுகையை விட்டான், நோன்பை விடவில்லை.
"வயித்துக்கு லீவு" என்பான்.
ஆனால் பாங்கு கேட்கும்வரை தண்ணீர் தொடமாட்டான்.
அறிவுக்கரசு, உச்சிப்புளியில் இயற்பியல் வாத்தியார்.
அவனுக்கு நாத்திகம் அப்பா எழுதிவைத்த சொத்து.
எங்களுக்கு அப்படியில்லை, பல்லைப் பிடுங்கிய மாதிரி.
நாக்கு இன்னும் அந்த ஓட்டைக்கே போகிறது.

அப்புறம் நான், கணக்கு எழுதுகிறவள்.
பெயர் நம்பு.

இந்தத் தீவில் கண்ணை மூடிக் கல்லெறிந்தால்
ஒரு நம்புராஜன் மேலோ நம்பீஸ்வரி மேலோ விழும்.
நம்புநாயகிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைகள்.
எனக்கு முன்னால் இரண்டு தங்கவில்லையாம்.
தங்கிய மூன்றாவதுக்கு ஒரு பெயர்,
தங்காத இரண்டுக்கும் பெயரே இல்லை.
அந்த இடத்தில்தான் கணக்கு எனக்கு முதலில் உதைத்தது.

அன்றைக்கு விவாதம்:
கால் கட்டைவிரல் இடித்தால் "கடவுளே" என்று சொல்லலாமா?
"அது வலியோட சத்தம், வார்த்தை இல்ல" என்றான் ஜெய்லானி.
"அப்போ 'ஐயோ' போதாதா?" அறிவுக்கரசு.
"ஐயோங்கிறது எமன் பொண்டாட்டி பேரு" என்றான் சேசு அடிமை.
எங்கள் தொண்டை முழுக்கச் சாமிகள் குடியிருக்கின்றன,
வாடகை தராமல்.

அறிவுக்கரசு விடவில்லை.
"வல்லத்துல ஏறும்போது கடல் தண்ணியைத் தொட்டு
நெத்தியில வைக்கிறியே, அது என்ன?"
"கடல் இருக்குல்ல. இருக்கிறதைத்தானே தொடுறேன்."
பிறகு என்னிடம் திரும்பினான்.
"உன் பேரை மாத்து. நம்பு, இலக்கணப்படி ஏவல் வினை.
யாரோ நாள்பூரா உன்னை அதட்டுற மாதிரி இல்ல?"
"யாரை நம்பணும்னு அதுல இல்லையே" என்றேன்.
"செயப்படுபொருள் காலி. நான் நிரப்பிக்கிறேன்."
சொல்லிவிட்டேனே தவிர
எதைக் கொண்டு நிரப்புவதென்று தெரியவில்லை.
வடையைக் கடித்தேன். ஆறியிருந்தது.

ஒன்பதரை இருக்கும். கீழே ஆபீஸ் வயர்லெஸ் கரகரத்தது.
கச்சான் காற்று குரலைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டது.
ராயப்பன். நாட்டுப்படகு. முயல்தீவுக்குத் தெற்கே
இன்ஜின் நின்று இரண்டு மணி நேரம். கூட ஒரு பையன்.

"நம்பு… நம்பு… இருக்கியா?"

நாலு பேரும் படியிறங்கினோம்.

"கேக்குதா? இருக்கியா?"

எங்களில் மூன்று பேர் சின்ன வயதில்
இருட்டைப் பார்த்துக் கேட்டது.
அதே சொல். அதே இழுவை.

பட்டனை அமுக்கினேன். "இருக்கேன்."

எண் சொன்னான். எழுதித் திருப்பிச் சொன்னேன்.
நங்கூரம் பிடிக்குதா? பிடிக்குது.
தண்ணி? அரை கேன்.
பையன் அழுறான்.
லைட்டை அவன் கையில குடு, ஆட்டச் சொல்லு.
அதற்குள் சேசு அடிமை ஸ்பேனர் பையோடு தெருவில்.
ஜெய்லானி இரண்டு போனிலும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான்.
அறிவுக்கரசு காற்று, நீரோட்டம் எல்லாம் வைத்து
படகு எங்கே ஒதுங்கும் என்று கணக்குப் போட்டான்,
நங்கூரம் பிடித்திருக்கிறது என்று தெரிந்தும்.

இரண்டேகால் வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
அவன் கேட்பான், இருக்கியா.
நான் சொல்வேன், இருக்கேன்.
வேறு பேச்சில்லை.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
ராயப்பன் ஈர மணலில் மண்டியிட்டு
மாதாவுக்கு நன்றி சொன்னான்.
பிறகு என்னிடம் வந்து பீடி இருக்குமா என்றான்.
அறிவுக்கரசுக்கு முகம் சுண்டிவிட்டது.
"டீசல் நாம போட்டோம், நன்றி எங்க போகுது பாரு."
"நன்றி போகட்டும். டீசல் காசை நாளைக்கு வாங்கிக்கிறேன்."
சேசு அடிமை இடுப்புவரை நனைந்திருந்தான்.
"ஆனா ஒன்னு. நடுவழியில அலை தூக்கினப்போ
நான் என்னமோ கத்தினேன்.
என்னன்னு நெனப்பில்ல."

அறிவுக்கரசு நோட்டைத் திறந்தான்.
அடுத்த வியாழக்கிழமைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.