பொருள் எண் பதினேழு

யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறார்கள்:
குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு பழைய சாமான் கடை
தந்தம் விற்கிறது.

ரேஞ்சர் போஜன் வந்தபோது
மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட்டிருந்தேன்.
ஷூவைக் கழற்றவா என்றார்.
வேண்டாம், கடைதானே.

பெட்டி மேசைமேல் இருந்தது.
லாம்ஸ் ராக் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது
கிழிந்த திரைச்சீலைகளோடு சேர்த்து
ஒரே விலைக்கு வந்தது.
கருங்காலி விளிம்பு,
நடுவில் ஏதோ தீவின் செம்மரம்,
மூடியில் பதினாறு வெள்ளை நட்சத்திரங்கள்.
ஒன்று பெயர்ந்து
தீப்பெட்டிக்குள் கிடந்தது.
இந்த ஊர் மழைக்கு மரம் ஊதும்,
எலும்பு ஊதாது.
நூற்றைம்பது வருஷமாக இரண்டும்
ஒரே பலகையில் மல்லுக்கு நிற்கின்றன.

போன வாரம்தான்
மின்வேலியில் விழுந்த கொம்பனுக்குப் பக்கத்தில்
இரவெல்லாம் நின்றுவிட்டு வந்தவர்.
தந்தமென்றால் ரேகை குறுக்கும் நெடுக்குமாக ஓடும்,
பாய் முடைந்த மாதிரி என்றார்.
லென்ஸை ஊதித் துடைத்தார்.
நட்சத்திரத்தைத் திருப்பினார்.
ரேகை இல்லை.
ஊசியால் குத்தியது போலப் பொடிப் புள்ளிகள்,
ஒரு காலத்தில் ரத்தம் போன வழி.

"யானை இல்லை."
விட்ட மூச்சில் லென்ஸ் மங்கியது.
"அப்ப மாடா?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.
தெரிந்ததைச் சொல்லும் வியாதி எனக்கு.
"திமிங்கிலம் சார்.
கப்பல்காரன் எவனோ காற்றில்லாத நாளில் செதுக்கினது."

மெல்ல உட்கார்ந்தார்.
"அதுவும் முதல் அட்டவணைதானேம்மா."

படிவத்தை எடுத்தார்.
பிடிபட்ட இடம்: கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி.
உயிரினம்: திமிங்கிலமா, திமிங்கலமா
என்று நிமிர்ந்து கேட்டார்.
எனக்கும் சந்தேகம்தான்.
'எந்தக் காப்புக்காடு' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
ராமேஸ்வரத்தில் ஒரு தடவை குளித்திருக்கிறேன் என்றார்,
அதை எழுதலாமா என்பது போல.

இப்போது ரேஞ்ச் ஆபீஸ் அறையில்
சந்தனக் கட்டைக்கும் சுருக்குக் கம்பிக்கும் நடுவே
பதினேழு என்று சீட்டு ஒட்டி இருக்கிறது.
தீப்பெட்டிக்குப் பதினேழு-அ.
திறந்தால் இன்னும் தேயிலைதான் மணக்கிறது.
மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறேன்.
சென்னையிலிருந்து கடிதம் வரவில்லை என்கிறார்,
டீ சொல்கிறார்.

நேற்று அடைமழை.
ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன்.
"இன்னொரு நட்சத்திரம் விழுந்துடுச்சும்மா.
பயப்படாதீங்க,
தனிக் கவர்ல போட்டு
பதினேழு-ஆன்னு எழுதிட்டேன்."