தொண்ணூறு ஆம்பியர்

தார்த்து நகரில், வேதியியல் கட்டடத்தின் நிலவறையில்
ஒரு மின்னோட்டம் இருபத்து நான்கு வருடங்களாக
ஒரே வளையத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.
பேட்டரி இல்லை, பிளக் இல்லை,
சுவரிலிருந்து அதற்கு ஒரு கம்பிகூடப் போகவில்லை.
என் வேலை அதற்குக் குளிர் கொண்டுவருவது:
மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தல்லினிலிருந்து
லாரியில் நூறு லிட்டர் திரவ ஹீலியம்.
கையெழுத்துப் போட்டு வாங்குபவள் வைகே.
எங்கள் மொழியில் அமைதி என்ற சொல்லோடு
ஒட்டிப் பிறந்த பெயர். ஆளோ
கையுறை ஒன்று காணாவிட்டால் கட்டடம் அதிரக் கத்துவாள்.

இயற்பியலை இரண்டாம் ஆண்டில் விட்டவன் நான்.
விட்ட பிறகும் ஒரு கேள்வி மட்டும்
செருப்புக்குள் கல்லாகக் கூடவே வந்தது.
முடுக்கம் பெறும் மின்னூட்டம் கதிர்வீசும் என்றார்கள்.
வட்டத்தில் திரும்புவதும் முடுக்கமே என்று
அதே வாயால் சொன்னார்கள்.
அப்படியானால் உள்ளே ஒவ்வொரு எலக்ட்ரானும்
ஒவ்வொரு திருப்பத்திலும் கையிருப்பைக்
கொஞ்சம் இறைத்துத்தானே ஆகவேண்டும்?
சம்பளம் வாங்கும் நானே மாசக் கடைசியில் காலி.
இருபத்து நான்கு வருடம்
இது எப்படி ஓட்டாண்டி ஆகவில்லை?

ஒரு பிப்ரவரி இரவு, குழாயில் ஹீலியம்
சீறி இறங்கும்போது கேட்டேவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
டெலிவரிச் சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் போட்டாள்,
அதன்மேல் ஒரு புள்ளி.
“ஒன்றே ஒன்று என்றால் நீ சொல்வது சரி. வீசும்.”
நேர் எதிரே இன்னொன்று.
“இதன் மேடு அதன் பள்ளத்தில் விழுகிறது.
பெரும்பகுதி அங்கேயே கழிந்துபோச்சு.”
நான்கு. எட்டு. பதினாறு.
பென்சில் முனை ஒடியும்வரை வைத்தாள்.
புள்ளிகள் கோடாகிவிட்டன.
“இப்போது சொல், இதில் என்ன மாறுகிறது?”

ஜன்னல் இல்லாத அறை. ஆனாலும்
உறைந்த எமயோகி ஆறு எனக்குத் தெரிந்தது.
பனியில் ஒரு பையன் வட்டமாகச் சறுக்குகிறான்;
கரையில் கட்டிய நாய்
அவன் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்புகிறது.
பிள்ளைகள் கூடுகிறார்கள். ஒரே நிறத் தொப்பி,
ஒரே வேகம், இடைவெளியே இல்லை.
நாயின் தலை நின்றுவிடுகிறது.
எல்லாரும் ஓடுகிறார்கள், எதுவும் நகரவில்லை,
நாய் தூங்குகிறது.

“ஒரு துளிகூடத் தளும்பாதா?” என்றேன்.
“அது வேறு கணக்கு, வேறு இரவு.
மூடியை இறுக்கு, கை மரத்துப்போகிறது.”

இந்தச் செப்டம்பரில் கட்டடத்தை விற்றுவிட்டார்கள்.
நிரப்ப அல்ல, காலிக் குடுவையை எடுத்துப்போக வந்தேன்.
கூரையிலிருந்து நூலில் கட்டிய ஒரு பழைய சாவி
காந்தத்தின் பக்கம் சாய்ந்தே நின்றது,
யாரோ காதோடு பேசுவதைக் கேட்பதுபோல.
சுவிட்சைத் தட்டினாள். தாழ்வாரத்து ரேடியோவில்
வானிலை அறிக்கைக்கு நடுவே ஒரு ‘டிக்’.
“அது சுவிட்சின் சத்தம். இதன் குரல் இல்லை.”
தொண்ணூறு ஆம்பியர். எண்பத்தொன்பது.
பூஜ்யம் வர ஆறு மணி நேரம்.
“மாறும்போது வீசுமே, இப்போதாவது?”
“வீசும். ஆறு மணி நேர நீளத்தில் ஒரே ஓர் அலை.
தலை புளூட்டோவைத் தொடும்போது
வால் இந்த அறையைவிட்டுக் கிளம்பும்.
அத்தனை சோம்பலான அலையில் எதை ஏற்றி அனுப்ப?”

நாங்கள் ரொட்டி தின்றோம். சாவி
கண்ணுக்குத் தெரியாமல் நிமிர்ந்துகொண்டே வந்தது.
நேராகத் தொங்கியபோது
வைகே அதை நூலோடு அறுத்துப் பையில் போட்டாள்.
எந்தப் பூட்டின் சாவி என்று அவளுக்கும் தெரியாது.

இரவு, பொல்த்சமா தாண்டும்போது கணக்குப் போட்டேன்:
வால் வியாழனைக் கடந்திருக்கும்.
முழு அலைக்குள்ளும் ஒரு கொசுவை எழுப்பும்
தெம்பு இருக்காது.
பின்னால் காலிக் குடுவை
ஒவ்வொரு குழிக்கும் கடகடவென்று
தல்லின்வரை பேசிக்கொண்டே வந்தது.